உங்கப்பாகிட்ட சொல்லு

எங்கள் வீட்டில்
இரண்டு பேர் பேசிக்கொள்ள
மூன்று பேர் வேண்டும்.

"கேஸ் தீந்துபோச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."
"நாளைக்கு புக் பண்றேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

பத்தடி அகல வீடு.
முதல் தடவையே இருவருக்கும் கேட்டிருக்கும்.
ஆனாலும் நான் போய்ச் சொன்னால்தான்
அது சொன்னதாகும்.

ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த வேலை இது.
சண்டை எதற்கென்று சரியாகத் தெரியாது,
சித்தி கல்யாணத்தில் போட்ட மோதிரம் என்று
ஒருமுறை காதில் விழுந்தது.
நடுவில் சில சொற்களை நானே உதிர்த்துவிடுவேன்,
'அந்த ஆளு' என்பதை,
'அவளுக்கு இன்னா தெரியும்' என்பதை.
உதிர்த்தவை எங்கே போகும்?
எனக்குள்ளேதான் கிடக்கின்றன.

ஏழு மணிக்கு அம்மா ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறுவாள்,
நேற்றைய சொல்யூஷன் வாடை கையிலிருந்து போகாமலே.
ஏழே முக்காலுக்கு அப்பா
ராணிப்பேட்டை நைட் ஷிஃப்ட் முடித்து வருவார்.
இடையிலுள்ள முக்கால் மணி நேரத்தில்தான்
நான் தலை வாருவேன், பாட்டு போடுவேன்.

யுகேந்தர் வந்தது பதினொன்றில்.
ஆம்பூர் பைபாஸ் ஓரம், மொட்டைமாடி டியூஷன்.
ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே
தொகை நுண்கணிதமும் நாங்களும் ஒன்றாக வெந்தோம்.
ஸ்கேல் கேட்டான்.
திருப்பித் தரும்போது அதில் என் பெயர்,
பென்சிலில், அழிக்க வசதியாக.
நான் அழிக்கவில்லை.

பிறகு ஒருநாள்
ஃபர்ஹீனின் அண்ணன் பைக்கை நிறுத்தி
"அவ கிளம்பிட்டாளா?" என்று கேட்டதற்கு
"மேல கீறா" என்றேன்.
அதைப் பார்த்தான் யுகேந்தர்.
மூன்று நாள் பேசவில்லை.
போனில் இரண்டு நீல டிக், அவ்வளவுதான்.

எனக்கு அழுகை வரவில்லை என்பதைச்
சொல்லவே வெட்கமாக இருக்கிறது.
வந்தது ஒருவிதமான நிம்மதி.
புது ஊரில் இறங்கியவளுக்கு
தெரிந்த தெரு ஒன்று கண்ணில் பட்டதுபோல.
இந்த மௌனம் எனக்குத் தெரியும்.
இதில் எந்த நாற்காலி எங்கே என்று
இருட்டிலும் தெரியும்.

நான்காம் நாள் ஃபர்ஹீனிடம் சொன்னேன்,
"ஏன் பேசலன்னு நான் கேட்டேன்னு அவன்கிட்ட சொல்லு."

அவள் பதில் சொல்லாமல்
என் பையைத் திறந்து
டிபன் பாக்ஸை எடுத்தாள்.
"திங்கக்கிழமை தயிர்சாதம், அப்படியே.
நேத்து சப்பாத்தி, நாய்க்கு.
இன்னிக்கு இது. அவன் பேசுனாதான் துன்னுவியா?
நான் இன்னா உனக்கு போஸ்ட்மேனா?
போய் நீயே கேளு. முதல்ல துன்னு."

அவள் வீட்டில் கத்தினால் தெருமுனைக்குக் கேட்கும்.
கத்தி முடித்த கையோடு டீ போடுவார்கள்.
சத்தத்துக்குப் பயந்து
அந்த வீட்டுக்கு நான் அதிகம் போனதில்லை.

பாலாற்றுப் பாலத்தில் அவனை நிறுத்திக் கேட்டேன்.
கீழே தண்ணீர் இல்லை, லாரித் தடங்கள்தான்.
கைப்பிடிச் சுவரைச் சுரண்டிக்கொண்டே சொன்னான்,
"எங்கப்பா இப்படித்தான் இருப்பாரு.
நாலு நாள் ஆனா எங்கம்மா தானா வரும்."

அதில் திமிர் இல்லை.
பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னான்.
அவனும் எங்கோ ஒரு பத்தடி வீட்டில் படித்தவன்தான்,
வேறு பாடத்திட்டம்.
எனக்கு அவன்மேல் கோபம் வந்திருக்க வேண்டும்.
வந்தது பசி.

அன்று சாயங்காலம்
காலியான டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
திரைக்கு அந்தப் பக்கம்
அப்பா ஷிஃப்டுக்குச் சட்டை தேடிக்கொண்டிருந்தார்.
"கரண்ட் பில்லுக்கு நாளைக்குதான் கடைசி,
உங்கப்பாகிட்ட சொல்லு."

"கையில சோப்பு," என்றேன்.
"நீயே சொல்லும்மா."

ஃபேன் சுற்றியது.
ஸ்டேஷனைத் தாண்டி ஒரு கூட்ஸ் வண்டி
போய்க்கொண்டே இருந்தது, அத்தனை பெட்டிகள்.
நான் திரும்பவில்லை,
கழுவிய பாக்ஸையே திரும்பக் கழுவினேன்.

திரை வளையங்கள் நகரும் சத்தம்.
அப்புறம் ஒரு செருமல்,
அம்மாவுடையதா அப்பாவுடையதா
தெரியவில்லை.